புருசெல்லா நோயின் வரலாறு: மால்டா ஆட்டுப்பாலிலிருந்து மாட்டுத் தொழுவம் வரை

புருசெல்லா நோய் என்பது கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு பாக்டீரியா நோய். ஆடு, மாடு, எருமை, பன்றி முதலியவற்றில் இது கருச்சிதைவை உண்டாக்குகிறது. மனிதரில் ஏறி இறங்கும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, தீராத களைப்பு ஆகியவற்றை ஏற்படுத்துகிறது. மாடுகளில் வரும் இந்நோய் தமிழ்நாட்டில் ‘கன்று வீச்சு நோய்’ என்றும் அழைக்கப்படுகிறது. மால்டா காய்ச்சல், மத்தியதரைக் கடல் காய்ச்சல், அலைக் காய்ச்சல், பேங் நோய் என இதற்கு வேறு பெயர்களும் உண்டு.

இந்நோயின் கிருமி 1887-இல் அறிவிக்கப்பட்டது. அது ஆட்டுப்பால் வழியாக மனிதருக்குப் பரவுவது 1905-இல் தெரியவந்தது. காரணமும் வழியும் தெரிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், கால்நடை வளர்ப்போரிடையே இந்நோய் இன்னும் காணப்படுகிறது. தடுப்பு முயற்சிகள் முதலில் பாலைக் குடிப்பவரைக் காத்தன; கால்நடையோடு வாழ்பவரைக் காக்கும் முயற்சிகள் மிகத் தாமதமாகவே வந்தன. இந்நோயின் வரலாறு பெரும்பாலும் இந்தத் தாமதத்தின் வரலாறாகும்.

நோயின் இயல்பு

புருசெல்லா பேரினத்தில் பல இனங்கள் உள்ளன. அவற்றுள் மூன்று மனிதருக்கு அதிகமாக நோய் தருபவை. புருசெல்லா மெலிடென்சிஸ் வெள்ளாடு, செம்மறியாடுகளிலும், புருசெல்லா அபார்ட்டஸ் மாடு, எருமைகளிலும், புருசெல்லா சூயிஸ் பன்றிகளிலும் முதன்மையாக வாழ்கின்றன.

சினை மாட்டின் கருப்பையில் இக்கிருமி வேகமாகப் பெருகும். சினையின் பிற்பகுதியில், பெரும்பாலும் ஐந்து மாதங்களுக்குப் பிறகு, கன்று வீசுவது இதன் முக்கிய அறிகுறி. நஞ்சுக்கொடி உரிய நேரத்தில் விழாமல் தங்கிவிடுவதும் உண்டு. வீசப்பட்ட கன்று, நஞ்சுக்கொடி, கருப்பைக் கசிவு ஆகியவற்றில் கிருமிகள் ஏராளமாக இருக்கும். நோயுற்ற மாடு அடுத்த ஈற்றில் ஒழுங்காகக் கன்று ஈன்றுவிடக்கூடும். அப்போதும் அதன் பாலிலும் கசிவிலும் கிருமி வெளிப்பட்டுக்கொண்டே இருக்கலாம். வெளித்தோற்றத்தில் அது நல்ல மாடுதான். இந்நோய் நீண்ட காலம் பிடிபடாமல் இருந்ததற்கு இதுவே முதற்காரணம்.

மனிதரிலும் இந்நோய் தன்னை எளிதில் காட்டிக்கொள்வதில்லை. தொற்றிய சில வாரங்களில், சில வேளைகளில் சில மாதங்களுக்குப் பின், காய்ச்சல் தொடங்கும். பிறகு அது தணிந்து மீண்டும் வரும். இதைக் குடற்காய்ச்சல், காசநோய், வாதநோய் என்று எண்ணிச் சிகிச்சை அளிப்பது எங்கும் நடப்பதே. இறப்பு குறைவு. ஆனால் முதுகெலும்பு, மூட்டுகள், விதைப்பை, இதய வால்வு ஆகியவற்றைத் தாக்கி, உழைப்பவரை மாதக்கணக்கில் முடக்கிவிடும்.

மால்டாவில் படைவீரர்களின் காய்ச்சல்

மத்தியதரைக் கடலின் நடுவிலுள்ள மால்டா தீவு 1814-இல் முறைப்படி பிரித்தானியக் குடியேற்ற நாடானது. அங்கே பெரிய கடற்படைத் தளமும் தரைப்படை முகாமும் இருந்தன. படைவீரர்களிடையே ஒரு விநோதமான காய்ச்சல் ஆண்டுதோறும் பரவியது. அதில் விழுந்தவர்கள் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தனர். ஜெஃப்ரி ஆலன் மார்ஸ்டன் என்ற படை மருத்துவர் தமக்கே வந்த இந்நோயைக் கவனித்து, பிற காய்ச்சல்களிலிருந்து அதைப் பிரித்துக்காட்டி 1861-இல் எழுதினார்.

டேவிட் புரூஸ் என்ற மற்றொரு படை மருத்துவர் 1884-இல் மால்டாவுக்கு வந்தார். இந்நோயால் இறந்தவர்களின் மண்ணீரலில் மிகச் சிறிய உருண்டை வடிவ உயிரிகளை அவர் கண்டார். அவற்றைத் தனியே வளர்த்து 1887-இல் அறிவித்தார். மால்டிய மருத்துவரான கருவானா ஷிக்லூனா இப்பணியில் அவருக்குத் துணைநின்றார். கிருமிக்கு ‘மைக்ரோகாக்கஸ் மெலிடென்சிஸ்’ என்று பெயரிடப்பட்டது. மெலிடா என்பது மால்டாவின் இலத்தீன் பெயர்.

1897-இல் இரண்டு முன்னேற்றங்கள் நிகழ்ந்தன. லூயிஸ் ஹியூஸ் என்ற மருத்துவர் நோயை விரிவாக விவரித்து நூல் எழுதினார். காய்ச்சல் அலைபோல் ஏறி இறங்குவதால் ‘அலைக் காய்ச்சல்’ என்ற பெயரை முன்வைத்தார். இங்கிலாந்தில் ஆம்ரோத் ரைட், நோயாளியின் குருதிநீர் கிருமிகளை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதைப் பயன்படுத்தி ஒரு சோதனையைக் கொண்டுவந்தார். இதனால் உயிரோடிருக்கும் நோயாளியிடமே நோயை உறுதிசெய்ய முடிந்தது. ஆனால் கிருமி எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. கெட்ட காற்று, சாக்கடை, துறைமுக நீர், கொசு என ஒவ்வொன்றின் மீதும் சந்தேகம் விழுந்தது.

ஆடுகளில் கிடைத்த விடை

1904-இல் லண்டன் ராயல் கழகம் புரூசின் தலைமையில் மத்தியதரைக் கடல் காய்ச்சல் ஆணையத்தை அமைத்தது. அதில் மால்டாவைச் சேர்ந்த மருத்துவரும் நுண்ணுயிரியலாளருமான தெமிஸ்டாக்ளிஸ் சாமிட் ஓர் உறுப்பினர். கிருமி ஆய்வுக்குக் குரங்குகள் பயன்படுத்தப்பட்டன. அவற்றின் விலை அதிகம். மாற்றாக வெள்ளாட்டில் சோதிக்க முடியுமா என்று சாமிட் பார்த்தார். 1905 ஜூன் மாதத்தில், கிருமி எதுவும் செலுத்தப்படாத ஆடுகளின் குருதிநீரே சோதனையில் திரளைக் காட்டியது. அந்த ஆடுகள் ஏற்கெனவே தொற்றுக்கு உள்ளானவை என்பதே இதன் பொருள். தொடர்ந்து வில்லியம் ஹாரக்ஸ் என்ற படை மருத்துவர் ஆட்டுப்பாலிலேயே கிருமியைக் கண்டறிந்தார்.

மேலும் சோதித்தபோது, தீவின் ஆடுகளில் மிகப் பெரும் பங்கு தொற்றின் அடையாளத்தைக் காட்டியது. ஏறத்தாழ பத்தில் ஓர் ஆடு பாலில் கிருமியை வெளியேற்றியது. அந்த ஆடுகள் நோயுற்றவையாகத் தோன்றவில்லை. பால் நிறமும் சுவையும் மாறவில்லை.

அதே ஆண்டில் நடந்த ஒரு நிகழ்வு இதற்கு மேலும் வலுச்சேர்த்தது. மால்டா ஆடுகள் நிறையப் பால் தருபவை என்பதால், அறுபதுக்கும் மேற்பட்ட ஆடுகள் ‘ஜோஷ்வா நிக்கல்சன்’ என்ற கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. வழியில் அவற்றின் பாலைக் காய்ச்சாமல் குடித்த மாலுமிகளில் பெரும்பாலோர் நோயுற்றனர். அமெரிக்கா சேர்ந்த ஆடுகள் பின்னர் அழிக்கப்பட்டன.

காக்கப்பட்டவர்களும் விடுபட்டவர்களும்

1906-இல் படைவீரர்களின் உணவிலிருந்து ஆட்டுப்பால் நீக்கப்பட்டது. 1905-இல் தரைப்படையில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இக்காய்ச்சலில் விழுந்திருந்தனர். 1907-இல் அது விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. மருந்தோ தடுப்பூசியோ இல்லாமல், ஒரு பொருளை உணவிலிருந்து நீக்கியதால் மட்டுமே ஒரு நோய் முகாமைவிட்டு அகன்றது. பொதுச் சுகாதார வரலாற்றில் இது ஒரு பெரிய வெற்றியாகக் கூறப்படுகிறது.

ஆனால் இந்த வெற்றி முகாமின் மதிற்சுவரோடு நின்றது. வெளியே மால்டிய மக்களிடையே நோய் தொடர்ந்தது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். படைவீரருக்கு ஆட்டுப்பாலுக்குப் பதிலாக டப்பாப் பால் கிடைத்தது. மால்டிய ஏழைக் குடும்பத்துக்கு ஆட்டுப்பாலைத் தவிர வேறு பால் இல்லை. ஆடு ஓட்டிகள் மந்தையைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து, வாசலிலேயே கறந்து கொடுப்பது அங்கே வழக்கம். கண்முன் கறந்த பால் தண்ணீர் கலக்காதது, ஆகவே நல்லது என்று வாங்குவோர் நம்பினர். அதைக் காய்ச்சாமலே குடித்தனர். பார்வைக்கு நலமாக இருக்கும் ஆடு காய்ச்சலைத் தரும் என்பதை ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஆடு ஓட்டிகளின் நிலை இன்னும் கடினமானது. கிருமியைச் சுமக்கும் ஆட்டை ஒழிப்பதென்றால் அவர்களின் ஒரே சொத்தை ஒழிப்பதாகும். தகுந்த இழப்பீடின்றி அவர்கள் அதற்கு இணங்குவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பால் விற்பனையைக் கட்டுப்படுத்தும் முயற்சிகளுக்கு எதிர்ப்பும் இருந்தது. மால்டாவில் பால் பதப்படுத்தும் நிலையம் 1938-இல்தான் இயங்கத் தொடங்கியது. சாமிட்டின் கண்டுபிடிப்புக்கும் இதற்கும் இடையே 33 ஆண்டுகள்.

அதன் பிறகும் நோய் முற்றிலும் நீங்கவில்லை. 1995-இல், பதப்படுத்தாத பாலில் செய்த சிறு பாலாடைக்கட்டிகளால் மால்டாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். தீவிர நடவடிக்கைகளுக்குப் பின் 2005-இல் மால்டா இந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அது சாமிட் ஆடுகளைச் சோதித்து நூறு ஆண்டுகள் நிறைந்த ஆண்டு. சாமிட் பின்னாளில் தார்ஷீன் கற்காலக் கோயில்களை அகழ்ந்த தொல்லியலாளராகவும் புகழ்பெற்றார்; 1930-இல் ‘சர்’ பட்டம் பெற்றார். கிருமியின் பெயரில் மட்டும் புரூசே நிலைத்தார்.

பேங்கும் மாட்டின் கருச்சிதைவும்

மால்டாவில் மருத்துவர்கள் காய்ச்சலை ஆராய்ந்த அதே காலத்தில், வட ஐரோப்பாவில் கால்நடை மருத்துவர்கள் முற்றிலும் வேறொன்றாகத் தோன்றிய சிக்கலை ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஒரு பண்ணையில் ஒரு மாடு கன்று வீசினால், அடுத்தடுத்த மாடுகளும் வீசுவது உழவர்களுக்குப் பழகிய துன்பம். டென்மார்க்கின் கால்நடை மருத்துவர் பெர்ன்ஹார்ட் பேங், கன்று வீசிய மாட்டின் கருப்பையிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து 1897-இல் அறிவித்தார். அது ‘பேசில்லஸ் அபார்ட்டஸ்’ எனப்பட்டது. நோய் ‘பேங் நோய்’ எனப்பட்டது.

மால்டா கிருமி உருண்டை என்றும், பேங்கின் கிருமி கோல் வடிவம் என்றும் கருதப்பட்டன. ஒன்று மனிதரின் காய்ச்சல், மற்றொன்று மாட்டின் கருச்சிதைவு. ஒன்றை மருத்துவர்கள் படித்தனர், மற்றொன்றைக் கால்நடை மருத்துவர்கள் படித்தனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றாமல் இருபது ஆண்டுகள் கடந்தன.

ஆலிஸ் எவன்ஸ்

அந்த ஒப்பீட்டைச் செய்தவர் அமெரிக்க வேளாண்மைத் துறையில் பால் குறித்த ஆய்வில் ஈடுபட்டிருந்த ஆலிஸ் எவன்ஸ். இரு கிருமிகளும் மிக நெருங்கிய உறவுடையவை என்று 1917-இல் நுண்ணுயிரியலாளர் கூட்டத்தில் அறிவித்து, அடுத்த ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். அப்படியானால் பசுவின் காய்ச்சாத பாலும் மனிதருக்கு ஆபத்தானதே என்பது அவரது முடிவு.

இதை ஏற்பதற்குப் பலர் தயாராக இல்லை. இவ்வளவு எளிய உறவு உண்மையாக இருந்தால் வேறு யாரேனும் முன்பே கண்டிருப்பார்களே என்பது ஒரு வாதம். அவர் பெண் என்பதும், முனைவர் பட்டம் பெறாதவர் என்பதும் அவரது சொல்லின் மதிப்பைக் குறைத்தன. புகழ்பெற்ற நுண்ணுயிரியலாளர் தியோபால்ட் ஸ்மித் அவரது முடிவை ஐயுற்றவர்களுள் ஒருவர். பால் தொழில் துறையினரும் இதை விரும்பவில்லை.

பிற ஆய்வாளர்களின் சோதனைகள் எவன்ஸ் கூறியதை உறுதிசெய்தன. 1920-இல் கார்ல் மேயர், ஷா ஆகியோர் இரு கிருமிகளையும் ஒரே பேரினத்தில் சேர்த்து, புரூசின் நினைவாகப் ‘புருசெல்லா’ என்று பெயரிட்டனர். 1922-இல் ஆய்வகத்தில் எவன்ஸுக்கே நோய் தொற்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது அவரை விட்டுவிட்டுத் தாக்கியது. தொடக்கத்தில் மருத்துவர்கள் அதை நரம்புத் தளர்ச்சி என்றே கருதினர். நோயைப் பற்றி நன்கறிந்த ஒருவருக்கே இந்நிலை என்றால், தன் நோயின் பெயரையே கேட்டறியாத உழவரின் நிலையை எளிதில் உய்த்துணரலாம். 1928-இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கழகத்தின் முதல் பெண் தலைவராக எவன்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பால் பதப்படுத்துதல் பரவியதும் அமெரிக்க நகரங்களில் நோய் குறைந்தது. அதன் பின் எஞ்சிய நோயாளிகளில் பண்ணையாளர், கால்நடை மருத்துவர், இறைச்சிக்கூடத் தொழிலாளர் ஆகியோரே மிகுந்திருந்தனர். மால்டாவில் கண்டதே இங்கும் நிகழ்ந்தது. பாலைக் கொதிக்கவைத்தால் குடிப்பவருக்குப் பாதுகாப்பு. கன்றை இழுத்தெடுக்கும் கைக்கு அதனால் பயனில்லை.

தடுப்பூசியும் ஒழிப்புத் திட்டங்களும்

கால்நடை வளர்ப்பவரைக் காக்க ஒரே வழி கால்நடையிடமே நோயை நிறுத்துவதுதான். இதற்கான முதல் நல்ல கருவி தற்செயலாகக் கிடைத்தது. 1923-இல் ஜான் பக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு ஜெர்சி பசுவின் பாலிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தார். ஆய்வக மேசையில் ஓராண்டுக்கும் மேலாக அப்படியே கிடந்த அந்த வளர்ப்பு, தன் வீரியத்தைப் பெரிதும் இழந்திருந்தது. ஆனால் மாட்டுக்கு எதிர்ப்பாற்றலைத் தந்தது. இதுவே எஸ்-19 எனப்படும் தடுப்பூசி. ஆடுகளுக்கான ரெவ்-1 தடுப்பூசி 1950-களில் உருவானது.

தடுப்பூசியோடு, மாடுகளைச் சோதித்து நோயுள்ளவற்றை அகற்றும் முறையும் கையாளப்பட்டது. அமெரிக்கா 1934-இல் இத்திட்டத்தைத் தொடங்கியது. வறட்சியால் மாடுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருந்த காலம் அது. அரசு பணம் கொடுத்து நோயுள்ள மாடுகளை வாங்கியது. 1947-இல் அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட மனித நோயாளிகள் பதிவாயினர். பின்னர் அது ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு என்ற அளவுக்கு இறங்கியது. ஆஸ்திரேலியா 1970-இல் தேசிய அளவில் தொடங்கிய திட்டத்தின் மூலம் 1989-இல் மாட்டுப் புருசெல்லாவிலிருந்து விடுபட்டது.

வெற்றிபெற்ற நாடுகளுக்குச் சில பொதுத்தன்மைகள் உண்டு: பெரிய பண்ணைகள், மாடுகளின் நடமாட்டம் குறித்த பதிவு, பல பத்தாண்டுகள் நின்று நடத்தும் அரசு, மாட்டை இழக்கும் உழவருக்கு இழப்பீடு. கடைசியாகச் சொன்னது இல்லாத இடங்களில் உழவர் சோதனைக்கே மாட்டைக் காட்டத் தயங்கினர்.

இந்தியாவில்

இந்தியாவில் இந்நோய் 1942 முதல் அறியப்பட்டதாகக் கால்நடை மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. இங்குள்ள சூழல் மேற்கண்ட நாடுகளிலிருந்து வேறுபட்டது. பெரும்பாலான குடும்பங்களிடம் இருப்பது இரண்டு மூன்று மாடுகளே. பல மாநிலங்களில் பசுவதைத் தடைச் சட்டங்கள் உள்ளதால், சோதித்து அகற்றும் முறை நடைமுறைக்கு ஒவ்வாது. அடிக்கடி கன்று வீசும் மாட்டை உழவர் சந்தையில் விற்றுவிடுகிறார். வாங்கும் மற்றொரு சிறு உழவரின் தொழுவத்துக்கு நோயும் சேர்ந்து போகிறது. இதில் ஏமாற்றும் எண்ணம் இருக்கவேண்டியதில்லை. சினை நிற்காத மாடு என்பதற்கு மேல் விற்பவருக்கே ஒன்றும் தெரியாது.

ஒரு கன்றை இழப்பது கன்றோடு முடிவதில்லை. மாட்டின் சினைக்காலம் ஒன்பது மாதத்துக்கும் சற்று அதிகம். ஏழாம் மாதத்தில் கன்று வீசினால், அதுவரை போட்ட தீவனமும், அடுத்து வரவேண்டிய கறவைக்காலத்தின் பெரும்பகுதியும் கைவிட்டுப் போகின்றன. அதே நேரத்தில் குடும்பத்தில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால், வருமானமும் உழைப்பும் ஒருசேர நின்றுவிடும்.

பாலைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் இந்தியாவில் பரவலாக இருப்பது நகர மக்களுக்கு இயல்பான காப்பாக அமைந்துள்ளது. ஆகவே இங்கு ஆபத்து தொழுவத்தில் வேலை செய்பவரிடம் குவிகிறது. கன்று ஈனும்போது வெறுங்கையால் உதவுவது, தங்கிய நஞ்சுக்கொடியைக் கையால் எடுப்பது, வீசிய கன்றைத் தூக்கிப் போடுவது, தொழுவத்தைக் கழுவுவது ஆகியவையே தொற்றும் வழிகள். கையிலுள்ள சிறு வெட்டுக்காயம் போதும். கண்ணில் தெறிக்கும் துளியும், மூச்சில் கலக்கும் திவலையும் போதும். பால் கறப்பதும் தொழுவம் பெருக்குவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை என்பதால் அவர்களும் சமமாகவே இந்த ஆபத்துக்கு உட்படுகின்றனர். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்பவர், தம் மாடு கன்று வீசியதைச் சொல்ல வேண்டும் என்று அறிவதில்லை; கேட்க வேண்டும் என்று மருத்துவருக்கும் எப்போதும் தோன்றுவதில்லை. கண்டுபிடித்துவிட்டால் சிகிச்சை உண்டு. டாக்சிசைக்ளினோடு மற்றொரு நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்து ஏறத்தாழ ஆறு வாரங்கள் தருவது வழக்கம். மருந்தை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின் பட்டியலில் புருசெல்லா இடம்பெற்றது. 2010-இல் இதற்கான கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 2019 செப்டம்பரில் மதுராவில் தேசிய விலங்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. கோமாரி நோயும் புருசெல்லாவும் இதன் இரு இலக்குகள். நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே ஒரு முறை தடுப்பூசி போடப்பட்டு, காதில் 12 இலக்க அடையாள வில்லை பொருத்தப்படுகிறது. காளைக்கன்றுகளுக்கும் சினை மாடுகளுக்கும் இந்த ஊசி போடப்படுவதில்லை. இது உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. ஆகவே ஊசி தவறிக் கையில் குத்தினால் போடுபவருக்கே நோய் வரக்கூடும். கையுறையும் கண்ணாடியும் அவருக்குத் தேவை.

தொழுவத்தில் செய்யக்கூடியவை

கன்று வீசிய மாட்டைப் பிற மாடுகளிலிருந்து பிரித்துக் கட்டுதல், நஞ்சுக்கொடியையும் கன்றையும் நாய்கள் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல், அவ்விடத்தைக் கிருமிநாசினியால் கழுவுதல், கையுறையின்றி எதையும் தொடாதிருத்தல், புதிதாக வாங்கும் மாட்டைச் சோதித்த பிறகே மந்தையில் சேர்த்தல் ஆகியவை கால்நடை மருத்துவர்கள் கூறும் அடிப்படை முறைகள். கையுறை கிடைக்காத நேரத்தில் நெகிழிப் பையைக் கையில் மாட்டிக்கொள்வதும் வெறுங்கையைவிட மேலானது. கன்று வீசியதைக் கால்நடை மருந்தகத்தில் தெரிவிப்பது அந்த வீட்டுக்கு மட்டுமன்றி ஊருக்கே பாதுகாப்பு.

மதிப்பீடு

உலகில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேர் புதிதாக இந்நோய்க்கு உள்ளாகின்றனர் என்ற மதிப்பீடு நீண்ட காலமாக மேற்கோள் காட்டப்பட்டு வந்தது. கண்டறியப்படாதவர்களைச் சேர்த்தால் உண்மை அளவு பன்மடங்கு இருக்கும் என்பது ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. அவர்களில் பெரும்பாலோர் ஆடு மாடுகளை நம்பி வாழும் சிற்றூர் மக்கள்.

மால்டாவில் படைவீரரைக் காக்க ஓராண்டு போதுமானதாக இருந்தது. ஆடு வளர்த்தவரைக் காக்க நூறாண்டு ஆனது. இரண்டுக்கும் தேவைப்பட்ட அறிவு ஒன்றே. படைவீரருக்கு வேறு பால் கொடுக்கப்பட்டது. ஆடு வளர்த்தவருக்கு வேறு வாழ்வழி கொடுக்கப்படவில்லை. கன்றுக்குப் போடும் ஒரு தடுப்பூசி இந்த வேறுபாட்டை நீக்க வல்லது. அது மாட்டைக் கொல்லாமல் மாட்டையும் மனிதரையும் ஒருசேரக் காக்கிறது. ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு இடைவிடாமல் போடப்பட்டால்தான் அதன் பயன் முழுமையாகும். மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் தனித்தனியே நின்ற இருபது ஆண்டுகளில் ஒரே கிருமி இரு பெயர்களோடு உலவியது என்பதை இந்நோயின் வரலாறு காட்டுகிறது. காய்ச்சலோடு வரும் உழவரிடம் அவரது மாட்டைப் பற்றியும் கேட்கும் மருத்துவமனையே அந்த இடைவெளியை மூடும்.